தாய்லாந்தின் இரண்டாம் படி: ஒரு வங்கிக்காரனின் குறிப்புகள்

தாய்லாந்து தன்னுடைய முதல் தேசிய கால்பந்து லீக்கை ஆரம்பித்தது 1996-ல். நம்ம ஊர் நேஷனல் ஃபுட்பால் லீக் ஆரம்பித்ததும் அதே 1996-ல்தான். இங்கே முதல் சாம்பியன் பஞ்சாபின் ஜே.சி.டி. மில் அணி. அங்கே யார் தெரியுமா? பாங்காக் பேங்க். ஆமாம், வங்கிதான். செக் புத்தகம், டிமாண்ட் டிராஃப்ட், வாராக்கடன் எல்லாம் உள்ள அதே வங்கி.

இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சக வங்கி ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள். இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஆடிட்டர் தவிர வேறு யாரும் எங்களைப் பார்த்துப் பயந்ததில்லை :-)

கல்கத்தாவுக்கு மாற்றல் ஆகி வந்தபிறகு கால்பந்து பேசாமல் மதிய டப்பாவைத் திறக்க முடியாது என்று ஆகிவிட்டது. இங்கே எல்லோரும் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், அதைத் தாண்டினால் இங்கிலாந்து, ஸ்பெயின் என்று பேசுவார்கள். எனக்கோ ஏனோ தாய்லாந்தின் இரண்டாம் படி லீக் மேல் ஒரு பிரியம். காரணம் என் படிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். பி.காம். படித்தவன் லாபக் கணக்கைவிட கீழே இருக்கும் ஷெட்யூல்களைத்தான் முதலில் புரட்டுவான். முதல் டிவிஷனில் கோப்பையைத் தூக்கும் படம் வரும். யார் வாங்கினார்கள், யார் விற்றார்கள், யார் கடையை மூடினார்கள் என்பதெல்லாம் இரண்டாம் டிவிஷனில்தான் பதிவாகியிருக்கும்.

கதை 1916-ல் தொடங்குகிறது. அப்போது சயாமின் அரசர் ஆறாம் ராமா எனப்படும் வஜிராவுத். இங்கிலாந்தில் படித்து, அங்கேயே ராணுவப் பயிற்சியும் பெற்றவர். ஊர் திரும்பியவர் கால்பந்தையும் கையோடு வளர்த்தார். கால்பந்துச் சங்கம் அந்த ஆண்டு ஏப்ரலில் உருவானது. அரசர் பெயரில் கோப்பைகள். ஆரம்பத்தில் பெரிய கோப்பை, சின்னக் கோப்பை என்று இரண்டு. பின்னால் அவை 'கோ' கோப்பை, 'கோ'வுக்கு அடுத்த 'க்கோ' கோப்பை என்று ஆகி, அதற்கும் கீழே இன்னும் இரண்டு சேர்ந்து, மொத்தம் நான்கு படிகள். தாய் நெடுங்கணக்கின் எழுத்துகள்தான் அந்த நான்கு படிகளின் பெயர். கடைசிப் படி 'ங்ஙோ', அதாவது நம்முடைய ங. தாய் எழுத்து கெமர் எழுத்திலிருந்து வந்தது, கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து போனது. அதனால் காஞ்சிபுரத்துக்காரர்கள் இந்த லீக்கில் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம். (கொண்டாடிவிட்டுத் திரும்பி வாருங்கள், கதை இன்னும் இருக்கிறது.)

கவனிக்க வேண்டிய விஷயம் இது. 1916-ல் அந்தப் பெரிய கோப்பையை முதலில் வென்றது ஒரு ஊரோ ஒரு பேட்டையோ இல்லை, ஒரு அரசுத் துறை. அரண்மனையின் கேளிக்கைத் துறை. அதற்குப் பிறகு எண்பது வருஷம் தாய்லாந்து கால்பந்து என்றால் பெரும்பாலும் ஆபீஸ் கால்பந்துதான். விமானப்படை, ராணுவம், கடற்படை, போலீஸ், துறைமுகம், சுங்கத்துறை, புகையிலைக் கழகம், மின்சார வாரியம், தொலைபேசித் துறை, பிறகு வங்கிகள். அநேகமாக எல்லாமே பாங்காக்கில். நாட்டில் எழுபதுக்கு மேல் மாகாணங்கள் இருந்தும், ஒரு உபோன்காரனோ சியாங் ராய்க்காரனோ தன் ஊர் பெயரைச் சொல்லிக் கத்துவதற்கு மேல்படியில் ஒரு அணி கிடையாது.

ஆபீஸ் அணி என்றால் என்ன என்று வட இந்தியாவில் சுற்றிய என்னைப் போன்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் கிளையிலேயே விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு வந்த ஒரு தாதா இருக்கிறார். ஒரு காலத்தில் வங்கி அணிக்கு ரைட் பேக். முட்டி போனது, ஆட்டம் போனது. சம்பளம் போகவில்லை. இன்றைக்கு கிளியரிங் பார்க்கிறார், மகளுக்குக் கல்யாணம் பண்ணிவிட்டார், பென்ஷனுக்கு நாள் எண்ணுகிறார். காசு கொழிக்கும் கால்பந்து இல்லைதான். ஆனால் இருபத்தெட்டு வயதில் காலுடைந்தவன் நடுத்தெருவில் நிற்காத கால்பந்து. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் கணக்கு வழக்கில் எங்கேயும் இந்த வரவு எழுதப்படவில்லை.

தாய்லாந்து வங்கி அணிகளில் மூன்று முக்கியமானவை. பாங்காக் பேங்க், க்ருங் தாய் பேங்க், தாய் ஃபார்மர்ஸ் பேங்க். மூன்றாவது 2003-ல் காசிகோர்ன் பேங்க் என்று பெயர் மாறியது. அதன் கால்பந்து அணி 1987-ல் ஆரம்பிக்கப்பட்டது. ஏழே வருஷத்தில், 1994-ல், ஓமன் கிளப்பை 2-1 என்று தோற்கடித்து ஆசிய கிளப் சாம்பியன் ஆனது. 1995-ல் கத்தாரின் அல் அராபியை 1-0 என்று தோற்கடித்து மறுபடியும் சாம்பியன். நடுவில் ஆப்பிரிக்க சாம்பியனான எகிப்தின் ஜமாலெக்கையும் ஒரு கை பார்த்தது. நட்டிபோங் ஸ்ரீதோங்-இன் போன்ற தேசிய அணி நட்சத்திரங்கள் அதில் ஆடினார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஆசியாவிலேயே மிகச் சிறந்த அணி ஒரு வங்கியின் அணியாக இருந்தது. அதற்குப் பிறகு எந்தத் தாய்லாந்து கிளப்பும் ஆசிய சாம்பியன் ஆனதில்லை.

பிறகு 1997 ஜூலை 2. அந்தத் தேதி எங்கள் தலைமுறை வங்கிக்காரர்களுக்கு மறக்காது. பாட் நாணயத்தை டாலரோடு கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். டாலருக்கு 25 ஆக இருந்த பாட், 1998 ஜனவரியில் 56-ஐத் தொட்டது. டாலரில் கடன் வாங்கி பாட்டில் வரவு வைத்திருந்த கம்பெனிகளின் கதி என்னவென்று சொல்ல வேண்டுமா? கடன் ஒரு ராத்திரியில் ஏறியது, வரவு அப்படியே நின்றது. டிசம்பரில் ஒரே நாளில் 56 ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு மூடுவிழா. 1999 வாக்கில் வங்கிகள் கொடுத்த கடனில் சுமார் 47 சதவீதம் வாராக்கடன். திரும்பப் படியுங்கள், 47 சதவீதம். எங்கள் வங்கியில் அது ஏழைத் தாண்டினாலே மேலதிகாரிகள் இரவில் போன் பண்ணுவார்கள்.

இந்த நிலையில் ஒரு வங்கித் தலைவர் செலவுப் பட்டியலைக் கையில் எடுத்தால் முதல் கோடு எதன் மேல் விழும்? கால்பந்து மேல்தான். இரண்டு முறை ஆசிய சாம்பியனான அணி 2000-ல் கலைக்கப்பட்டது. கீழே இறங்கித் தோற்று அழிந்ததில்லை. ஒரு குறிப்பாணையில் முடிந்தது. அந்த அணிக்கு ஊர் என்று ஒன்று இருந்திருந்தால், ஊர்க்காரர்கள் ஒரு உண்டியலாவது குலுக்கியிருப்பார்கள். ஆபீசுக்கு ஏது ஊர்?

இப்போது இரண்டாம் படிக்கு வருவோம். 1996-ல் லீக் வந்ததும் மேலே இருந்தவர்கள் எல்லாம் அதில் ஏறிக்கொண்டார்கள். அடுத்த வருஷம், 1997-ல், அதற்குக் கீழே ஒரு லீக் வந்தது. அதற்கு வைத்த பெயர் 'டிவிஷன் ஒன்'. இரண்டாவது படிக்கு ஒன்று என்று பெயர். ரயிலில் முதல் வகுப்புக்கு மேலே ஏசி வகுப்பு வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப வருஷங்களில் அங்கேயும் அதே ஆபீஸ் அணிகள்தான். மேலே இருந்து ஒரு துறை இறங்கும், கீழே இருந்து ஒரு துறை ஏறும். பார்க்க வருகிறவர்கள் ஆட்டக்காரர்களின் சொந்தக்காரர்களும் சக ஊழியர்களும்.

மாகாணங்களுக்கு இதில் இடமில்லாததால் விளையாட்டு ஆணையம் 1999-ல் தனியாக ஒரு மாகாண லீக்கை ஆரம்பித்தது. இந்த இரண்டு தண்டவாளங்களும் பல வருஷம் சேராமலேயே ஓடின. 2006-ல் சோன்புரியும் சுபான்புரியும் அங்கிருந்து முதல் டிவிஷனுக்கு வந்தார்கள். மறு வருஷமே, 2007-ல், சோன்புரி சாம்பியன். பாங்காக்குக்கு வெளியே இருந்து வந்த முதல் சாம்பியன் அதுதான். ஊர் பெயரில் ஆடினால் ஊரே வருகிறது என்பதை அன்றைக்குத்தான் பாங்காக் கண்கூடாகப் பார்த்தது.

இதே சமயத்தில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒரு நிபந்தனை போட்டது. ஆசிய சாம்பியன்ஸ் லீகில் இடம் வேண்டுமானால் உங்கள் லீக் முறையான தொழில்முறை லீக்காக இருக்க வேண்டும், கிளப்புகள் கம்பெனிகளாகப் பதிவாக வேண்டும். தாய்லாந்தில் 2009 சீசனிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. கேட்பதற்குச் சின்ன விஷயம், ஒரு பதிவுப் பத்திரம். ஆனால் ராணுவமோ அரசு வங்கியோ கால்பந்துக் கம்பெனி ஆரம்பிப்பது அவ்வளவு லேசு இல்லை. வங்கி எந்தத் தொழில் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் இருக்கிறது. பாங்காக் பேங்கை 2008-க்குப் பிறகு முதல் டிவிஷனில் பார்க்க முடியவில்லை. க்ருங் தாய் பேங்க், 2003-லும் 2004-லும் சாம்பியன் ஆன அணி, 2008 மார்ச்சில் சொந்த ஊரில் ஜப்பானின் கஷிமாவிடம் 1-9 என்று அடி வாங்கியது. அடுத்த வருஷம் அந்த அணி இல்லை. அதனுடைய இடம் மட்டும் இருந்தது.

இந்த 'இடம்' என்ற சொல்லில்தான் என்னைப் போன்ற காமர்ஸ்காரனுக்கு மூக்கு வியர்க்கிறது. ஆட்டக்காரர்கள் போகலாம், பெயர் போகலாம், மைதானம் போகலாம். ஆனால் முதல் டிவிஷனில் ஒரு நாற்காலி என்பது கைமாற்றக்கூடிய சொத்து. குட்வில் மாதிரி கண்ணுக்குத் தெரியாத சொத்து. க்ருங் தாயின் நாற்காலியில் 2009-ல் வந்து உட்கார்ந்தது பாங்காக் கிளாஸ், பீர் பாட்டில் முதலான கண்ணாடிச் சாமான்கள் செய்யும் கம்பெனி. மின்சார வாரிய அணி 2008-ல் சாம்பியன். 2009 கடைசியில் நெவின் சித்சோப் என்ற அரசியல்வாதி அதை வாங்கி, கிழக்கே நானூறு கிலோமீட்டருக்கு அருகே உள்ள தன் ஊரான புரிராமுக்கு எடுத்துப் போனார். கட்சியோடு சேர்ந்து 2007-ல் அரசியல் தடை வாங்கியவர்களில் அவரும் ஒருவர். தேர்தலில் நிற்க முடியாதவர் கால்பந்தில் நின்றார். புகையிலைக் கழக அணியின் கதை இன்னும் பரிதாபம். 2005-ல் சாம்பியன் ஆன அணி, பிறகு ஒவ்வொரு ஊராக வீடு மாற்றிக்கொண்டே போய், பிச்சித், சியாங் மாய் என்று அலைந்து, கடைசியில் ஆளில்லாமல் மறைந்தது. வாடகை வீட்டுக்காரனுக்கு யார் பந்தல் போடுவார்கள்?

வாங்க மனமில்லாதவர்கள் ஏறி வந்தார்கள். ஏணி இரண்டாம் டிவிஷன்தான். சியாம் ஸ்போர்ட் என்ற விளையாட்டுப் பத்திரிகைக் குழுமம் நடத்திய முவாங்தோங் யுனைடெட் 2007-ல் மூன்றாம் படியில் சாம்பியன், 2008-ல் இரண்டாம் படியில் சாம்பியன், 2009-ல் முதல் படியிலும் சாம்பியன். வருஷத்துக்கு ஒரு படி, வழியில் ஓய்வே இல்லை. 2010-லும் அவர்களே. வடக்குக் கோடியில் சியாங் ராய் 2009-ல் ஆரம்பித்து, 2010-ல் இரண்டாம் டிவிஷன், 2011-ல் முதல் டிவிஷன் என்று வந்துவிட்டது.

புரிராமில் நடந்ததுதான் விசித்திரம். வாங்கிய அணி ஒன்று மேலே இருக்க, அதே ஊரில் நெவினின் மனைவி கருணா தலைமையில் இன்னொரு அணி கீழிருந்து ஏறி வந்தது. 2011-ல் மேலே இருந்த அணி லீக், இரண்டு கோப்பைகள் என்று மூன்றையும் அள்ளியது. அதே வருஷம் கீழே இருந்த அணி இரண்டாம் டிவிஷன் சாம்பியன். ஒரே குடும்பம் ஒரே லீக்கில் இரண்டு அணி நடத்த முடியுமா? முடியாது. என்ன செய்தார்கள்? உழைத்துச் சம்பாதித்த அந்த இடத்தை நாட்டின் தெற்கே சோங்க்லாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். வடகிழக்கில் ஜெயித்த உரிமையில் மலேசிய எல்லைப் பக்கம் ஒரு அணி 2012-ல் முதல் டிவிஷன் ஆடியது. 2014-ல் இறங்கியும் விட்டது. புரிராமில் அந்த வருஷம் முழுக்க அந்த இரண்டாவது அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் ஒருவனாவது இருந்திருப்பான் இல்லையா? அவனிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

2016 அக்டோபர் 13-ல் அரசர் பூமிபோல் காலமானார். சீசன் முடியச் சில ஆட்டங்களே பாக்கி. அப்படியே நிறுத்தி, அன்றைய தேதிப் பட்டியலை வைத்தே கணக்கை முடித்தார்கள். இரண்டாம் டிவிஷனில் தாய் ஹோண்டா சாம்பியன். மறு வருஷம் 'டிவிஷன் ஒன்' என்ற குழப்பப் பெயரும் போய், 'தாய் லீக் 2' என்று நேராக ஆனது.

இனி 2018. முதல் டிவிஷனை 18 அணியிலிருந்து 16 ஆகக் குறைக்க முடிவு செய்து, அந்த ஒரு வருஷம் ஐந்து அணிகளைக் கீழே இறக்கினார்கள். ஐந்தில் ஒன்று, பதினான்காம் இடத்தில் 42 புள்ளிகளோடு இருந்த பாங்காக் கிளாஸ். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் தப்பித்திருக்கும். பணத்துக்குக் குறைவில்லாத கம்பெனி, முன்னாள் வங்கியின் நாற்காலி, பத்து வருஷம் முதல் டிவிஷன், எல்லாம் சேர்ந்து இரண்டாம் படியில்.

இங்கே இரண்டு வழி இருந்தது. 2000-ல் வங்கி செய்ததைப்போல ஒரு குறிப்பாணை. அல்லது கீழே போய் ஆடுவது. அவர்கள் ஆடினார்கள். பெயரை பி.ஜி. பதும் யுனைடெட் என்று மாற்றிக்கொண்டார்கள். பதும் தானி என்பது அவர்கள் மைதானம் இருக்கும் மாகாணம், பாங்காக்கை ஒட்டி வடக்கே. கம்பெனி பெயர் சுருங்கி இரண்டு எழுத்து ஆகிவிட்டது, ஊர் பெயர் உள்ளே வந்துவிட்டது. 2019-ல் இரண்டாம் படியில் சாம்பியன். 2020-21 சீசனில் முதல் படியிலும் சாம்பியன், புரிராமைப் பின்னுக்குத் தள்ளி. (நடுவில் கொரோனாவுக்காக லீக் 2020 மார்ச்சில் நின்று செப்டம்பரில் மறுபடி தொடங்கியது. அதனால்தான் சீசன் இரண்டு வருஷத்தில் எழுதப்படுகிறது.)

இரண்டு பட்டத்துக்கும் பயிற்சியாளர் துசித் சலேர்ம்சான். இந்தப் பெயரை நான் சொன்னதும் எங்கள் கிளியரிங் தாதா டப்பாவை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்தார். துசித் இங்கே மோகன் பகானுக்கு ஆடியவர், 2000-ஐ ஒட்டிய காலத்தில். "ஓ, துசித்! இடது பக்கம்!" என்று ஆரம்பித்து அரை மணி நேரம். அன்றைக்கு மதியம் கிளியரிங் கொஞ்சம் தாமதம் என்று கேள்வி.

2019-ல் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. கடைசி நாளில் சியாங் ராயும் புரிராமும் பட்டத்துக்குப் போட்டி. புரிராம் ஆட வேண்டியது சியாங் மாய் அணியோடு. முந்தைய வருஷம்தான் இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறி வந்து, ஒரே சீசனில் திரும்ப இறங்குவதும் உறுதியாகிவிட்ட அணி. இழக்க ஒன்றும் இல்லாத அந்த அணி 1-1 என்று சமன் செய்தது. சியாங் ராய் சுபான்புரியை 5-2 என்று வென்றது. இருவரும் 58 புள்ளிகள், இருவரும் நேருக்கு நேர் மோதிய கணக்கில் சியாங் ராய் சாம்பியன். பத்து வருஷத்துக்கு முன்னால்தான் ஆரம்பித்த ஒரு அணி.

இன்றைய ஏற்பாடு இப்படி: இரண்டாம் படியில் 18 அணிகள், முதல் இரண்டு நேராக மேலே, 3 முதல் 6 வரை இருப்பவர்களுக்குள் பிளே-ஆஃப் நடத்தி மூன்றாவது ஆள். கடைசி மூன்று கீழே. பணம் மேலே இருப்பதைப்போல இங்கே கிடையாது. அதனால் ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் யார் இருப்பார்கள், யார் கையை விரிப்பார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ராயோங் என்று ஒரு கடற்கரை மாகாணம். மாப் தா புட் என்ற பெரிய பெட்ரோ கெமிக்கல் பேட்டை அங்கேதான். அரசு எண்ணெய் நிறுவனமான பி.டி.டி. அந்த ஊரில் ஓர் அணி வைத்திருந்தது, பி.டி.டி. ராயோங். நல்ல மைதானம், நல்ல சம்பளம். 2018-ல் இரண்டாம் படி சாம்பியன் ஆகி மேலே போனது. 2019-ல் முதல் டிவிஷனில் ஆடி, இறங்காமல் தப்பியும் விட்டது. அந்த சீசன் முடிந்ததும் நிறுவனம் அணியை மூடியது. தோற்றதால் மூடவில்லை, போதும் என்று மூடியது.

அதே ஊரில் இன்னொரு அணி உண்டு, வெறும் ராயோங் எஃப்.சி. அதே 2019-ல் இரண்டாம் படியில் பதும் யுனைடெட்டோடு சேர்ந்து மேலே ஏறியது. எண்ணெய் அணி காலி செய்த லீக்குக்குள் ஊர் அணி நுழைந்தது. ஒரே சீசனில் மறுபடி கீழே விழுந்தது. மூன்று வருஷம் இரண்டாம் படியிலேயே கிடந்தது. யாரும் மூடவில்லை. 2024-ல் பிளே-ஆஃப் ஆடி, ஜெயித்து, மறுபடி மேலே போனது.